அடுக்களை காணும் ஆட்டம்

குலசேகரம்,
ஞாயிறு மாலை.

அன்பு மகன் எபிசனுக்கு அம்மா எழுதுவது. ஆண்டவர் கிருபையால் நானும் அப்பாவும் சுகம், நீயும் அங்கே சுகமாக இருக்க தினமும் ஜெபிக்கிறோம். மழை விடாததால் ரப்பர் வெட்டு நின்று கிடக்கிறது, அப்பா வீட்டிலேயே இருந்து என் உயிரை எடுக்கிறார். போனில் சொன்னால் டியூட்டி இருக்கிறது என்று பாதியில் வைத்துவிடுவாய், அதனால் லீவு முடிந்து தோஹாவுக்குத் திரும்பும் ஆபேல் கையில் பலாச்சக்கை வற்றலோடு இதையும் கொடுத்துவிடுகிறேன். வற்றலைத் தின்னுமுன் இதை வாசி.

மக்கா, நம் சபைப் பெண்கள் சங்கம் சார்பில் சபையார் எல்லோர் முன்னாலும் களியல் ஆடினோம். வட்டமாகச் சுற்றிக் கம்படித்து ஆடுவது ஆண்கள் ஆட்டமல்லவா, பொம்பளைகளுக்கு எதற்கு இது என்று சிலர் முனகினார்கள், நாங்கள் விடவில்லை. சீதனம் கூடாது என்று பிரசங்கத்தில் எத்தனை வருஷமாகக் கேட்கிறோம், ஆமென் சொல்லி வெளியே வந்ததும் எத்தனை பவுன் என்றுதான் பேச்சு. ஆடிக் காட்டினாலாவது உறைக்கட்டும் என்று, கல்யாணம் முடிந்ததும் பெண்வீட்டார் பாத்திரமும் கட்டிலும் பீரோவும் கொண்டுவரும் அடுக்களை காணலையே களியலாக்கினோம். நான்தான் மாமியார். சுற்றுக்கு ஒன்றாக நான் கேட்பேன், மற்றவர்கள் கம்படித்துப் பாடிக்கொண்டே கொண்டுவந்து வைப்பார்கள், கேட்கக் கேட்க அடி வேகமாகும், கடைசியில் மணப்பெண்ணுக்கு நிற்க இடமிருக்காது. அந்த வேகத்தில் நான் மைக்கை வாங்கி, என் மகன் எபிசன் பெபிஷாவைக் கட்டப்போகிறான், ஒரு கரண்டிகூட வாங்கமாட்டான் என்று சொல்லிவிட்டேன். எல்லோரும் கைதட்டினார்கள்.

பிறகு பெபிஷாவின் அப்பா இஸ்ரவேல் பக்கத்தில் வந்தார். "நல்லா ஆடுனிய மைனி, ஆனா தம்பி போன்ல காரு கேட்டாருல்லா, நான் ரப்பர் விளைய விக்க ஆளு பாத்தாச்சு" என்றார். என் கையில் கம்பு இருந்தது, நீ தோஹாவில் இருந்தாய், தப்பித்தாய். வெட்கத்தில் அந்த மனிதர் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை. வீட்டுக்கு வந்து அழுதேன். உன் அப்பா ஊர் நடப்புதானே லீலா என்றார், அப்படியானால் கல்யாணத்துக்கு நீங்கள் மட்டும் போங்கள் என்றேன். உனக்கும் அதையேதான் சொல்கிறேன். அந்தக் கார் நம் முற்றத்துக்கு வந்தால் நான் கோயில் படி ஏறமாட்டேன். சபை முன்னால் சொன்ன வார்த்தையை உனக்காகக்கூட மாற்றமாட்டேன். கூட வேலை செய்பவன் வாங்கினான் என்று நீயும் கேட்டிருப்பாய், கெட்ட பிள்ளை இல்லை நீ, எனக்குத் தெரியும். இஸ்ரவேலை நீயே கூப்பிட்டு வேண்டாம் என்று சொல், அந்த ரப்பர் தோட்டத்தை விற்கவேண்டாம் என்று சொல். பெபிஷாவிடமும் பேசு, வீட்டில் கார் பேச்சு எல்லாவற்றையும் அவள் கேட்டுக்கொண்டுதான் இருந்திருப்பாள்.

நேரத்துக்குச் சாப்பிடு, வெயிலில் தொப்பி இல்லாமல் நிற்காதே. கர்த்தர் உன்னை ஆசீர்வதித்துக் காப்பாராக. அடுத்த ஞாயிறு களியக்காவிளைச் சபையில் ஆடக் கூப்பிட்டிருக்கிறார்கள், அதற்குமுன் இஸ்ரவேலிடம் பேசிவிடு. மாமியார் கேட்பவற்றில் காரையும் சேர்த்துவிட்டேன். கேட்டது யார் என்று பாட்டில் இன்னும் சொல்லவில்லை.

உன்னைப் பெற்றவள்,
லீலாபாய் ஜெபதாஸ்