பிந்தி வரும் குரல்

வெள்ளி, இரவு.

சுரங்க இரைச்சலில் காது மந்தமான அப்பாவுக்காக, எதிரில் பேசுவதைச் சத்தம் கூட்டித் தரும்படி நான் எழுதிய செயலியை இன்று அவர் போனில் ஏற்றி, இயர்போனை மாட்டிவிட்டேன்.

"ஒன் வாய் முன்னால போவுது, சத்தம் பின்னால வருதுடா."

சுரங்கத்தில் கன்வேயர் பெல்ட் ஓடும் இடத்தில் உதட்டைப் பார்த்தே பேசிப் பழகியவர். சின்னத் தாமதம்கூட அவரைக் குழப்புகிறது. அதைக் குறைத்தேன். போன் ஈடுகொடுக்க முடியாமல் சத்தம் துண்டு துண்டாக உடைந்தது.

"இதுக்கு மைன்ஸ் பெல்ட்டே தேவலாம்டா."

"அப்ப கழட்டி வெச்சிடுப்பா!" என்று கத்திவிட்டேன்.

அப்பா கழற்றவில்லை. சாப்பிடும்போதும் மாட்டியிருந்தார். "கேக்குதாங்க?" என்றாள் அம்மா. அவள் வாயையே பார்த்துக்கொண்டு, "சூப்பரா கேக்குது. ஒம் புள்ள செஞ்சதாச்சே" என்றார்.

பிறகு சார்ஜ் போட அந்தப் போனை எடுத்தேன். சாப்பிட உட்காரும் முன்பே செயலியை அவர் நிறுத்தியிருந்தது திரையில் தெரிந்தது.