தண்டனையாகக் கிடைத்த ஜெபம்

மார்ச் 4, செவ்வாய்

இன்றும் கடையைத் திறந்தபோது அவள் கூட்டிக்கொண்டிருந்தாள். கண்ணாடியில்தான். இரண்டாவது நாற்காலிக்குப் பின்னால் குனிந்த முதுகு, தோளிலிருந்து முன்னால் சரிந்த பின்னல். திரும்பிப் பார்த்தால் வெறும் தரை, நேற்று வெட்டிய முடி.

தங்கச்சி போய் நான்கு மாதமாகிறது. நாற்பது வயதிலும் நான் அவளை வாலு என்றுதான் கூப்பிட்டேன். அவளைப் பார்ப்பதில் எனக்குப் பயம் இல்லை. ஒரு நாள் வராமலே போய்விடுவாளோ என்பதுதான் பயம்.

மதியம் மாப்பிள்ளை வந்தார், அவள் வீட்டுக்காரர். பஸ் ஓட்டிவிட்டு அப்படியே யூனிஃபார்மோடு வந்திருந்தார். பார்லரை ஒற்றை ஆளாக எத்தனை நாள் கட்டி இழுப்பீர்கள், அவள் நின்ற நாற்காலிக்கு ஒரு பெண்ணை வேலைக்கு வையுங்கள் என்றார். பார்க்கலாம் என்றேன். நான் பார்க்கலாம் என்றால் இல்லை என்று அர்த்தம், அது அவருக்கும் தெரியும்.

மார்ச் 6, வியாழன்

இன்று வரவில்லை. நான் வெட்டிய தலையெல்லாம் கோணல்.

மார்ச் 7, வெள்ளி

வந்தாள். அப்பாடா.

மார்ச் 9, ஞாயிறு

வாலு போய்க்கொண்டிருந்த சபையிலிருந்து போதகர் மனைவி வந்தார். ஞாயிற்றுக்கிழமை கூட்டம் அலைமோதும் நேரத்தில் என்னை அம்போவென்று விட்டுவிட்டு, இவர்களிடம்தான் பாட்டுப் பாட ஓடுவாள். கல்யாணத்துக்குப் பிறகு வந்த பக்தி. நான் கிண்டல் செய்தால் சிரிப்பாள், அடுத்த வாரமும் ஓடுவாள்.

அவள் ஆண்டவரிடம் இருக்கிறாள் என்று ஆறுதல் சொன்னார். இல்லை, என்னிடம் இருக்கிறாள் என்று சொல்ல வாய் வரை வந்துவிட்டது. பிறகு ஒரு கதை சொன்னார். கல்லறை வாசலில் ஒரு பெண் அழுதுகொண்டு நின்றாளாம். பக்கத்தில் நின்ற இயேசுவையே தோட்டக்காரன் என்று நினைத்துவிட்டாளாம். அழுது அழுது கண் மறைத்துவிட்டதாம். எனக்கு எதுவும் மறைக்கவில்லையே, கூடுதலாக அல்லவா தெரிகிறது!

வந்த காரியம் வேறு. செவ்வாய்க்கிழமைகளில் வாலு புற்றுநோய் வார்டுக்குப் போவாள். மருந்து ஏற்றி முடி கொட்டத் தொடங்கியவர்களுக்குத் தலையைச் சுத்தமாக மழித்துவிடுவாள். பிறகு அவளே அங்கே படுத்தாள். அதிலிருந்து ஆள் இல்லை, நர்ஸ் கேட்டுக்கொண்டே இருக்கிறாராம், நீங்கள் போவீர்களா என்றார். முடியாது என்று முகத்தில் அடித்த மாதிரி சொன்னேன். எந்த வார்டுக்குப் போகச் சொல்கிறோம் என்று யோசிக்க வேண்டாமா இந்த மனுஷி?

மார்ச் 15, சனி

வாரம் முழுக்க ஒரே யோசனை. வாலு கடைசியாகக் கிடந்த இடம் அது. அங்கே போனால் அவளை இன்னும் கிட்டத்தில் பார்க்கலாமோ? முகத்தைப் பார்க்கலாமோ?

மார்ச் 18, செவ்வாய்

போனேன். சேவை செய்யப் போனதாக நர்ஸ் நினைத்துக்கொண்டார். நான் போனது திருடி மாதிரி. திரைச்சீலைக்குப் பின்னால் பார்த்தேன், ஜன்னல் ஓரம் பார்த்தேன், கை கழுவும் இடத்துக் கண்ணாடியில் பார்த்தேன். என் மூஞ்சிதான் இருந்தது. வாலு அங்கே இல்லவே இல்லை.

வந்த வேலையைச் செய்ய வேண்டுமே. ஜன்னல் ஓரப் படுக்கையில் ஒரு சின்னப் பெண், ஒன்றாம் வகுப்பு டீச்சர். வாங்கக்கா என்றாள். வாலுவும் என்னை அப்படித்தான் கூப்பிடுவாள். கண்ணாடி மட்டும் காட்டிடாதீங்க என்று முதலிலேயே சொல்லி வைத்தாள். சரி என்றேன்.

மழித்தேன். பஞ்சு மாதிரித் தலை, ஒரு கீறல் விழவில்லை. முடித்துத் துணியை உதறினேன். பிறகு — இருபது வருஷக் கை சும்மா இருக்குமா? வேலை முடிந்தால் கைக்கண்ணாடியை எடுத்துக் காட்டித்தானே பழக்கம். எடுத்து அவள் முகத்துக்கு நேராகப் பிடித்துவிட்டேன்! பிடித்த பிறகுதான் உறைத்தது.

அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள். "எங்க அப்பா மாதிரியே இருக்கேன்" என்றாள். சிரித்தாள், அது அழுகையானது. நான் மன்னிப்புக் கேட்டுக்கொண்டே நின்றேன். மூக்கைத் துடைத்துக்கொண்டு என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"சொன்ன பேச்சு கேக்கல இல்ல? தண்டனை. ஜெபம் பண்ணுங்க. முன்னாடி வந்த அக்கா பண்ணுவாங்களாம், நர்ஸ் சொன்னாங்க."

"எனக்குத் தெரியாது டீச்சர்."

"தெரியாமலே பண்ணுங்க."

கண்ணை மூடினேன். இயேசுவே என்றேன். அதற்கு மேல் வந்தது ஜெபமே இல்லை, சண்டை. என் தங்கச்சிய ஏன் எடுத்தீங்க, அவ உங்களுக்கு என்ன குறை வெச்சா, இந்தப் பொண்ணையாவது விட்டுடுங்க — இப்படியே. சத்தமாக வேறு. கண்ணைத் திறந்தால் வார்டே பார்க்கிறது. டீச்சர் மட்டும் அமைதியாக ஆமென் என்றாள்.

மார்ச் 19, புதன்

யாரிடம் சண்டை போட்டேன்? ஆள் இல்லாத இடத்தில் சண்டை போடுகிறவள் இல்லையே நான்.

மார்ச் 25, செவ்வாய்

டீச்சருக்கு மழிக்க ஒன்றும் இல்லை, ஆனாலும் பக்கத்தில் உட்கார்ந்தேன். யாரிடமும் சொல்லாததை அவளிடம் சொல்லிவிட்டேன். முன்னாடி வந்த அந்த அக்கா என் தங்கச்சி, தினமும் கடைக் கண்ணாடியில் வருகிறாள் என்று. அவள் சிரிக்கவில்லை.

"உங்களப் பாக்கறாங்களா?"

"இல்ல. தலையே நிமிரல. கூட்டிட்டே இருக்கா."

"பாவம்க்கா. செத்த பிறகும் வேலை வாங்குறீங்களே."

எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. சிரிக்கச் சிரிக்கவே அழுகை. என் வாலு, வாழ்நாள் முழுக்க நின்றே கால் வீங்கினவள். அவளைப் போய் நான் பிடித்து வைத்திருக்கிறேன்.

மார்ச் 26, புதன்

காலையில் இருந்தாள். போதும்டி, வெச்சுட்டுப் போ என்றேன். கண்ணாடியைப் பார்க்காமல் துடைப்பத்தை எடுத்து நானே கூட்டினேன். உம்மிடம் ஒப்படைக்கிறேன் என்றெல்லாம் எனக்குச் சொல்ல வரவில்லை. நல்லா பாத்துக்கோங்க என்றேன். அவ்வளவுதான்.

மார்ச் 30, ஞாயிறு

கடையைப் பூட்டிவிட்டுச் சபைக்குப் போனேன். கடைசி வரிசை. பாடவில்லை.

ஏப்ரல் 5, சனி

அவள் வரவேயில்லை. விட்டது தப்போ? அவளும் இல்லாத கடை இப்படி இருக்கும் என்று யாரும் எனக்குச் சொல்லவில்லையே. கண்ணாடிகளில் நானும் வாடிக்கைக்காரிகளும்தான். மத்தியானம் தாங்க முடியாமல் பின்கட்டுக்குப் போய், நீங்களாவது இருக்கீங்களா இல்லையா என்று கேட்டேன். கேட்டுக்கொண்டே அங்கேயே சுவரில் சாய்ந்து தூங்கிப்போனேன். வாலு போனதிலிருந்து மாத்திரை இல்லாமல் தூங்கியது இன்றுதான்.

ஏப்ரல் 8, செவ்வாய்

டீச்சரால் எழுந்து உட்கார முடியவில்லை. என் கையைப் பிடித்துத் தன் தலைமேல் வைத்துக்கொண்டாள். மெதுவாகத்தான் ஜெபித்தேன், சண்டை இல்லாமல்.

ஏப்ரல் 15, செவ்வாய்

வார்டு வாசலிலேயே நர்ஸ் சொல்லிவிட்டார். டீச்சர் ஞாயிற்றுக்கிழமை போய்விட்டாள்.

திரும்பிப் போய்விடலாம் என்று படி வரை வந்தேன். கேட்டதற்கு இதுதானா பதில்? இவளையாவது விடுங்கள் என்று எத்தனை கெஞ்சல். நாளை முதல் இவளும் கண்ணாடியில் வந்து நிற்பாளோ? நின்ற இடத்திலேயே கோபத்தை எல்லாம் கொட்டினேன், வாய்விட்டு. கொட்டி முடித்த பிறகும், நான் சொன்னதை எல்லாம் கேட்டுக்கொண்டு ஒருவர் அங்கேயே நிற்பது மாதிரி இருந்தது. மாதிரி என்ன மாதிரி — இருந்தது. உள்ளே போனேன்.

ஜன்னல் ஓரப் படுக்கைக்கு அதற்குள் வேறொரு பெண் வந்திருந்தாள். இடுப்பு வரை முடி. அதை இரண்டு கையாலும் மடியில் இறுக்கிப் பிடித்திருந்தாள். நீங்க யாரு என்றாள், மிரட்சியோடு.

"முடி வெட்டுறவ. வேணும்னா ஜெபமும் பண்ணுவேன்."

என் வாயிலிருந்துதான் வந்தது, எனக்கே ஆச்சரியம். அவள் என் கையிலிருந்த கத்திரியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"முடி இருக்கட்டும்" என்றாள். "மொதல்ல அது பண்ணுங்க."

கத்திரியைப் பையில் போட்டுவிட்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன்.