இரும்புத் தந்தி

பிப்ரவரி 9

பிரியமுள்ள அக்காவுக்கு,

நீ செய்து அனுப்பிய கிடார் கீறல் இல்லாமல் வந்து சேர்ந்தது. பெட்டியைத் திறந்து நான் போட்ட கூச்சலில் எதிர்வீட்டு நாய் குரைக்க ஆரம்பித்துவிட்டது. வயலின் மாதிரி மேடு கட்டிய முன்பலகை, வயலின் மாதிரியே ரெண்டு வளைந்த துளை, ஆனால் நைலான் தந்தி! எங்கள் டிரம்ஸ்காரர் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, "என்னங்க, வயலின் தின்னு கொழுத்த மாதிரி இருக்கு?" என்றார்.

காலையில் சமையலறை ஸ்டூலில் உட்கார்ந்து கிளாசிக்கல் வாசிக்கிறேன். சாயங்காலம் ஹோட்டலில் இவருடைய குழுவோடு ஜாஸ். முன்பெல்லாம் ரெண்டு பெட்டியைத் தூக்கிக்கொண்டு அலைவேன். இப்போது ஒரே கிடார் ரெண்டுக்கும் வாய் திறக்கிறது. உன் கைக்கு என்ன போட்டாலும் தகும்.

இவருக்குத்தான் கொஞ்சம் மனத்தாங்கல். நேற்று நான் தனியாக வாசித்த இடத்தில் கைதட்டல் அதிகமாகிவிட்டது. "சாக்ஸபோன் என்னோடது, குழு என்னோடது, நடுவுல நீ யாரு?" என்றார். இரும்புத் தந்தி போட்டால்தான் குழுவோடு ஒட்டுமாம். "பலகை தாங்காது, அக்கா நைலானுக்குன்னே மெல்லிசா இழைச்சிருக்கா"ன்னு சொன்னேன். "உங்க அக்கா என்ன பெரிய இவளா?" என்றார். நான் சிரித்துவிட்டேன். சிரித்திருக்கக் கூடாது.

வலது கையில் மூன்று விரல் கதவிடுக்கில் மாட்டி வீங்கியிருக்கிறது. கையெழுத்து கோழி கிளறியது போல் இருப்பதற்கு அதுதான் காரணம். கவலைப்படாதே. போன் செய்யாதே, போன் அவரிடம் இருக்கிறது. பதிலை ஹோட்டல் முகவரிக்கே எழுது, சலவைக்காரம்மா வாங்கி வைப்பார்.

உன் வாலு


பிப்ரவரி 14

அடியே வாலு,

யாரிடம் கதை விடுகிறாய்? இருபது வருஷமாக மரத்தோடு மல்லுக்கட்டுகிறேன். உளி, ரம்பம், இழைப்புளி, ஜன்னல், கதவு எல்லாவற்றிலும் விரலைக் கொடுத்தவள் நான். கதவிடுக்கில் ஒரு விரல் மாட்டும், போனால் போகட்டும் ரெண்டு மாட்டும். மூன்று விரலும் வரிசையாக மாட்ட வேண்டுமென்றால் ஒருத்தன் பிடித்து வைக்க வேண்டும்.

அந்த ஊதுகுழல்தானே? கல்யாணத்தன்று மேடையில் நின்று உன்னை வாசிக்கச் சொல்லிவிட்டு, நடுவிலேயே நிறுத்தி, "என் பொண்டாட்டி நல்லா வாசிப்பா, நான் சொல்லிக் குடுத்தது"ன்னு சொன்னானே, அன்றைக்கே அவன் பல்லைப் பெயர்த்திருக்க வேண்டும். அம்மா போனதிலிருந்து உனக்கு நான்தான் எல்லாம். உன் உடம்பில் ஒரு கை பட்டால் எனக்கு ரத்தம் கொதிக்கிறது, பசி எடுப்பதில்லை.

உண்மையை எழுது. பட்டறையில் மரச்சுத்தியல் சும்மாதான் கிடக்கிறது. கிளம்பி வரவா?

அக்கா


பிப்ரவரி 22

அக்கா,

வராதே. முதலில் அதை எழுதிவிடுகிறேன், வராதே.

கதவு இல்லை. கிடார்ப் பெட்டியின் மூடி. நான் கிடாரை உள்ளே வைத்துக்கொண்டிருந்தபோது என் விரல்மேல் மூடியை அழுத்தி அதன்மேல் உட்கார்ந்தான். அது முதல் தடவை. வீக்கம் வடிந்து மறுபடி வாசிக்க ஆரம்பித்தேன். போன சனிக்கிழமை ஹோட்டலில், மேடைக்குப் போகும் முன்னால், உடை மாற்றும் அறையில் வைத்து என் நகங்களை வெட்டினான். நைலான் தந்திக்கு வலது கை நகம்தான் குரல் என்று உனக்குத் தெரியும். ரெண்டு மாதமாக வளர்த்து, தேய்த்து, எண்ணெய் போட்டுக் காப்பாற்றியவை. முழங்காலை என் மார்பில் வைத்து, கட்டை விரலிலிருந்து ஆரம்பித்து, சதையோடு ஒட்ட வெட்டினான். "உன் நல்லதுக்குத்தான் செய்றேன், ஆட்டம் போடாத" என்று சொல்லிக்கொண்டே வெட்டினான். மோதிர விரலில் ரத்தம் வந்தது. டிரம்ஸ்காரர் அங்கேதான் இருந்தார். குச்சிகளைத் துணியால் துடைத்துக்கொண்டே இருந்தார், தலை நிமிரவில்லை.

அப்படியே மேடையேறி மொட்டை விரலால் வாசித்தேன் அக்கா. ஒருத்தருக்கும் கேட்கவில்லை. அவனுக்கு அன்றைக்கு ஏகப்பட்ட கைதட்டல்.

கிடாரை அவன் தூக்கிக்கொண்டு போய்விட்டான். நான் திரும்பி அவன் வீட்டுக்குப் போகவில்லை. சலவைக்காரம்மா தன் அறையில் ஒரு மூலை கொடுத்திருக்கிறார். வாடகைக்குப் பதிலாக ஹோட்டல் மெத்தை விரிப்புகளை மடித்துக் கொடுக்கிறேன். ஒரு வக்கீலம்மாவைப் பார்த்தேன். அடித்ததற்குப் புகார் கொடுத்தாயிற்று. அடுத்த வெள்ளிக்கிழமை போலீஸ் ஒருத்தரைத் துணைக்கு வைத்துக்கொண்டு போய் என் கிடாரை எடுக்கலாம். அதுவரை யாரும் அந்த வாசலை மிதிக்கக் கூடாது என்று கறாராகச் சொன்னார்.

ஒரு நல்ல சேதியும் உண்டு. ஓர் அரங்கத்தில் ஏப்ரலில் ஒரு மாலையை எனக்கென்று கொடுத்திருக்கிறார்கள். முதல் பாதி கிளாசிக்கல், மறு பாதி ஜாஸ், நான் மட்டும். நகம் வளர்ந்துவிடும். கிடார் வந்துவிடும். நீ மட்டும் கொஞ்சம் கையைக் கட்டிக்கொண்டிரு, உனக்குப் புண்ணியமாகப் போகும்.

வாலு


பிப்ரவரி 28

என் கண்ணே,

போய்விட்டு வந்துவிட்டேன். பஸ்ஸிலிருந்து இறங்கி, கை கழுவி, சாப்பிட்டு முடித்ததும் எழுத உட்கார்ந்திருக்கிறேன். எத்தனை நாள் கழித்து வயிறார ஒரு வாய் சாப்பிட்டேன் தெரியுமா!

அவன்தான் கதவைத் திறந்தான். "வாங்க, பொருளை எடுக்க வந்தீங்களா?" என்றான், மரியாதையாகத்தான். கிடார் சோபாவில் கிடந்தது. இரும்புத் தந்தி போட்டிருந்தான். ஆறும் இரும்பு. தாங்காது என்று நீ சொன்னதைக் கேட்டுவிட்டுத்தான், நிறுத்தி நிதானமாக, முழுச் சுருதிக்கு முறுக்கி வைத்திருக்கிறான். தந்திகளைத் தாங்கும் குதிரை நிற்கிற இடத்தில் பலகை உள்ளே அமுங்கி, துளையிலிருந்து கீழ்வரைக்கும் ஒரு விரிசல். கழுத்து முன்னால் வளைந்துவிட்டது. நான் பார்த்துக்கொண்டே நின்றேன். "சத்தம் பத்தல, அதான் மாத்தினேன்" என்று சிரித்தான்.

கதவைச் சாத்தினேன். பையிலிருந்து சுத்தியலை எடுத்தேன். முதல் அடி முழங்காலில், ஓட முடியாதபடிக்கு. விழுந்தான். அவன் வலது கையைத் தரையில் வைத்து, என் முட்டியால் அழுத்திக்கொண்டு, ஒவ்வொரு விரலாக அடித்தேன். மரச்சுத்தியல் என்பதால் சத்தம் அதிகமில்லை, காய்ந்த குச்சி ஒடிகிற சத்தம்தான். ஒவ்வொரு விரலுக்கும் உன் பேரைச் சொன்னேன். சுண்டு விரலில் மயங்கிவிட்டான். தண்ணீர் தெளித்து எழுப்பி, இடது கையையும் முடித்தேன். இனிமேல் ஊதட்டும் பார்ப்போம், எதை வைத்துத் துளையை மூடுவான்? யாரும் பார்க்கவில்லை. நீ வராதே என்று எழுதினாய், நான் கேட்கவில்லை. எப்போது கேட்டிருக்கிறேன்?

எல்லாம் உனக்காகத்தான் செய்தேன். கிடாரைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன், தந்தியில் இன்னும் கை வைக்கவில்லை. நீயே வந்து பார், அவன் செய்த லட்சணம் அதுவரை அப்படியே இருக்கட்டும். பிறகு புதுப் பலகை போடுகிறேன்.

கேஸ் கீஸ் எல்லாம் விடு. பட்டறைக்கு மேலே அறையை ஒழித்து வைத்திருக்கிறேன், பூட்டும் புதிது. அந்த அரங்கமும் வேண்டாம், கூட்டத்தில் எவன் எப்படி இருப்பானோ. இனி உன்னை வாசிக்கக் கூப்பிடுகிறவர்கள் முதலில் என்னிடம் பேசட்டும். ஞாயிற்றுக்கிழமை நானே வந்து அழைத்துக்கொள்கிறேன்.

அக்கா


மார்ச் 6

வாலு,

இதை என் வக்கீல் கையில் கொடுத்தனுப்புகிறேன். சனிக்கிழமை போலீஸ்காரர்கள் பட்டறைக்கு வந்து என்னைக் கூட்டிக்கொண்டு போய்விட்டார்கள். கிடாரையும் எடுத்துப் போனார்கள். இங்கே ஒன்பது பேருக்கு ஒரு அறை, ஒருத்தி ராப்பகலாக இருமுகிறாள். அதை விடு.

நான் போட்ட கடிதம் உனக்கு வந்திருக்கும். அடுப்பில் போடு. அவன்தான் முதலில் பாய்ந்தான், தற்காப்புக்கு அடித்தேன் என்று சொல்லியிருக்கிறேன். வக்கீலும் அதையே பிடித்துக்கொள்கிறார். அந்தக் கடிதம் போலீஸ் கையில் கிடைத்தால் வருஷக்கணக்காக உள்ளே இருக்க வேண்டியதுதான் என்கிறார். நீ எழுதியவற்றையெல்லாம் கிழித்துவிட்டேன். யார் கேட்டாலும் உனக்கு ஒன்றும் தெரியாது.

உனக்குச் சோறு ஊட்டிய கை இது. பயமாக இருக்கிறதடி. எரித்துவிட்டேன் என்று ஒரு வரி எழுது, போதும்.

அக்கா


மார்ச் 11

அக்கா,

எரிக்கவில்லை. கொடுத்துவிட்டேன்.

நான்தான் உன்னை ஏவிவிட்டேன் என்று அவன் பக்கம் சொல்லிவிட்டார்கள். ரெண்டு கையும் மாவுக்கட்டுமாக அவன் படுத்திருக்கிற படத்தைக் காட்டினார்கள். என் புகாரை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை, என் நகம் இப்போது யாருக்கு வேண்டும்? சலவைக்காரம்மா வீட்டுக்கு ரெண்டு தடவை போலீஸ் வந்தது. அவர் என்னைப் போகச் சொல்லவில்லை, ஆனால் பேசுவதை நிறுத்திவிட்டார். விசாரித்த இன்ஸ்பெக்டரம்மா, "நீங்க சொல்லித்தான் உங்க அக்கா போனாங்களா?" என்று கேட்டார். இல்லை என்றேன். "அக்கா தங்கச்சி, எப்படிம்மா நம்புறது?" என்றார். உன் கடிதம் என் பையில்தான் இருந்தது. நான் வராதே என்று சொன்னதற்கு இந்த உலகத்தில் இருக்கிற ஒரே சாட்சி அது.

உடனே கொடுக்கவில்லை. நாளைக்கு வருகிறேன் என்று சொல்லிவிட்டு வந்து, அடுப்பைப் பற்றவைத்து, உன் கடிதத்தோடு உட்கார்ந்தேன். கடைசியாக ஒரு தடவை படித்தேன். மயங்கினவனைத் தண்ணீர் தெளித்து எழுப்பினாய் என்று எழுதியிருக்கிறாய். என் பேரைச் சொல்லிச் சொல்லி அடித்திருக்கிறாய். எல்லாம் எனக்காக. பிறகு எனக்கு ஒரு அறை, அதற்குப் புதுப் பூட்டு. முழங்காலை என் மார்பில் வைத்திருந்தவனும் இதே குரலில்தான் பேசினான் அக்கா. அடுப்பை அணைத்துவிட்டேன்.

கொடுக்கப் போனபோது ஸ்டேஷனில் கிடாரைப் பார்த்தேன். பீரோவுக்குப் பக்கத்தில் அட்டை கட்டிச் சாத்தியிருந்தார்கள். இரும்புத் தந்தி அப்படியே முறுக்கோடு இருந்தது. விரிசல் நீ எழுதியதைவிட நீளம். தளர்த்தட்டுமா என்று எழுத்தரிடம் கேட்டேன். "எவிடன்ஸ்மா, தொடக் கூடாது" என்றார். நான் தரையில் உட்கார்ந்து முறுக்காணிகளைத் திருப்பினேன். அவர் கத்தினார், இன்னொருத்தர் வந்து தோளைப் பிடித்து இழுத்தார். ஆறையும் தளர்த்திவிட்டுத்தான் எழுந்தேன். அதற்கும் ஒரு கேஸ் போட்டால் போடட்டும்.

அரங்கத்தில் வேறொரு கிடார் தருகிறோம் என்றார்கள். சாதாரணக் கிடார். அதில் ஜாஸ் எப்படி வருமோ தெரியாது, பார்த்துக்கொள்கிறேன். வாசிக்கப் போகிறேன்.

உனக்கு ஜாமீன் கிடைத்தாலும் என்னைத் தேடி வராதே. இடம் மாறிவிட்டேன், எங்கே என்று உன் வக்கீலிடம் சொல்லவில்லை. நீ ஊட்டிய சோறு என் உடம்பில் இருக்கிறது, அதை மறுக்கவில்லை. உன்மேல் பாசம் போய்விட்டது என்றும் நினைக்காதே. உன்னைப் பார்த்தால் எனக்குப் பயமாக இருக்கிறது அக்கா. இன்னொருத்தரைப் பார்த்துப் பயந்துகொண்டு ஒரே வீட்டில் இருக்க இனி என்னால் ஆகாது.

தங்கை