“ரெண்டு வருஷமா இருக்கு டாக்டர்”

ஜூலை 8, செவ்வாய்

காலையிலிருந்தே புகைமூட்டம். எங்கள் பண்டமாரான் முழுக்கக் கரிநாற்றம். துணி காயப்போடவில்லை.

இன்றைய வேலைகள்: மீன். சமையல் கேஸ் தோம்புக்குச் சொல்லிவைக்க. கிளினிக்குக்கு வர வீட்டுக்காரரைச் சம்மதிக்கவைக்க. முதல் இரண்டும் முடிந்தன.

ஞாயிறன்று கக்கூஸில் ரத்தம் பார்த்தேன். அவர் சரியாகத் தண்ணீர் ஊற்றவில்லை. கேட்டால், “மூலமா இருக்கும்லா. லோரி ஓட்டுறவன் எல்லாருக்கும் இருக்கு. போன வாரந்தான் வந்துச்சு” என்கிறார். துறைமுகத்தில் இருபது வருடமாகக் கன்டெய்னர் லோரி. உட்கார்ந்தே பிழைப்பு. இருக்கலாம்.

சித்தப்பா மகன் குமரேசனுக்குப் போன் செய்தேன். எங்களுக்கு இன்சூரன்ஸ் கார்டு எடுத்துக் கொடுத்தவன் அவன்தான்.

“அக்கா, நேரா ஸ்பெஷலிஸ்ட்கிட்ட போவாதீங்க. மொதல்ல கிளினிக்ல ஒரு ரெஃபரல் லெட்டர் எடுங்க. அது இல்லாம கார்டு வேலைக்காவாது.”

விற்கும்போது “கார்ட காட்டுனா போதும்க்கா” என்றவன். இப்போது லெட்டராம். இன்னும் என்னென்ன மறைத்திருக்கிறானோ.

ஜூலை 9, புதன்

கிளினிக். ஒருவழியாக வந்தார். கடைவரிசையில் சின்ன இடம், சின்ன வயதுத் தமிழ் டாக்டர். கூட்டம் இல்லை. ஏன் கூட்டம் இல்லை?

காரிலேயே அவருக்குச் சொல்லிக் கொடுத்தேன். “போன வாரந்தான்னு சொன்னா பெனடால் மாத்திரை குடுத்து அனுப்பிடுவான். ரொம்ப நாளா இருக்குன்னு சொல்லுங்க.” காப்பார் ஊரில் அம்மாவோடு அரசாங்கக் கிளினிக்குக்கு அலைந்து கற்றது இது. புதிதாக வந்த நோவுக்கு அங்கே மதிப்பில்லை. நாள்பட்டது என்றால்தான் நிமிர்ந்தே பார்ப்பார்கள். எங்கள் சனம் எல்லாருக்கும் இது தெரியும்.

உள்ளே போனதும் அவர் வாயைத் திறக்கவில்லை. நானே சொன்னேன்: “ரெண்டு வருஷமா இருக்கு டாக்டர்.”

“அப்படியா அங்கிள்?”

தலையாட்டினார். பரவாயில்லை, நன்றாக நடிக்கிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

டாக்டர் வயிற்றை அமுக்கிப் பார்த்தார். எங்கே, எப்படி என்று நாலு கேள்வி. கம்ப்யூட்டரில் தட்டினார், அச்சடித்தார், உறையில் போட்டு ஒட்டினார். முடிந்தது. இவ்வளவு சீக்கிரமா? உறைமேல் ஒரு தனியார் ஆஸ்பத்திரியின் பெயர். அங்கேயே ஏன் எழுதவேண்டும்? ஆள் அனுப்பினால் கமிஷனா? உறையை விளக்கில் பிடித்துப் பார்த்தேன். ஒன்றும் தெரியவில்லை.

இரவுக்கு: சார்டின் மீன் குழம்பு. அவர் பாதியிலேயே எழுந்துவிட்டார்.

ஜூலை 11, வெள்ளி

ஸ்பெஷலிஸ்ட். குடலுக்குள் குழாய் விட்டுப் பார்க்கவேண்டுமாம். உடம்பில் ரத்தம் குறைவாம். “டோன்ட் டிலே, ஆன்டி” என்றார். நல்ல மனுஷன்போலத்தான் தெரிகிறார். காலில் பளபளவென்று சப்பாத்து.

பிறகு கவுன்டர். இன்சூரன்ஸ்காரன் “நாங்கள் பணம் கட்டுகிறோம்” என்று எழுதி அனுப்பினால்தான் கட்டில். அதற்குப் பேர் ஜி.எல். காலையில் கேட்டதற்கு மாலை வரை பதில் இல்லை. கவுன்டர் பெண் ஒவ்வொரு முறையும் அதே புன்னகை. “பெண்டிங், ஆன்டி.”

வீட்டுக்கு வந்தபின் போனில் குமரேசன்: “அக்கா, என்னா சொல்லி வச்சீங்க டாக்டர்கிட்ட? லெட்டர்ல ரெண்டு வருஷம்னு எழுதியிருக்கே! கார்டு எடுத்து ஒரு வருஷங்கூட ஆகல. கார்டுக்கு முன்னாலயே இருந்த சீக்கு, கட்டமாட்டோம்னு சொல்லிடுவான்லா.”

அடிப்பாவி. நானே என் வாயால் கெடுத்தேன்.

ஜூலை 12, சனி

காலை மழை. புகை கொஞ்சம் அடங்கியது. கேஸ் இன்னும் வரவில்லை.

குமரேசனிடம் கத்தினேன். அவனும் இன்சூரன்ஸ் கம்பெனியும் கூட்டுச் சேர்ந்து ஏமாற்றுவதாகச் சொன்னேன். பொறுமையாகத்தான் பேசினான். “திங்கக்கெழம கிளினிக்குக்கு போங்க. உண்மைய சொல்லி திருத்தித் தரச் சொல்லுங்க.” பொறுமையாகப் பேசினாலே எனக்குச் சந்தேகம்.

அவர் மட்டும் அசையவில்லை. “விடுலா. அரசாங்க ஆஸ்பத்திரிக்கே போவோம்.” எனக்கு எரிச்சல். மாதாமாதம் கட்டியது யாருக்கு? தனக்காகச் சண்டை போடக்கூடத் தெரியாத ஆள்.

ஜூலை 14, திங்கள்

எழுதாமல் இருக்கமுடியவில்லை.

கிளினிக். உட்கார்ந்ததுமே நான்: “டாக்டர், மன்னிச்சிடுங்க. லெட்டர் சீக்கிரம் கெடைக்கணும்னு பொய் சொல்லிட்டேன். போன வாரந்தான் ஆரம்பிச்சிச்சு. மாத்தி எழுதிக் குடுங்க.”

டாக்டர் என்னைப் பார்க்கவில்லை. அவர் பக்கம் திரும்பினார். “அங்கிள், நீங்க சொல்லுங்க.”

அவர் தன் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, “அவ பொய்னு நெனச்சிதான் சொன்னா டாக்டர். ரெண்டு வருஷம் இருக்கும். கூடவும் இருக்கலாம். அவளுக்குத் தெரியாது.”

“ஏன் சொல்லல?”

“லோரி லைசென்ஸ் புதுப்பிக்கணும்னா மெடிக்கல் செக்கப் பண்ணணும். சீக்குன்னு எழுதிட்டா வண்டிய புடுங்கிருவான். நானும் மூலம்தான்னு நெனச்சிக்கிட்டேன்.”

எடை குறைந்ததா என்று டாக்டர் கேட்டார். குறைந்தது. பெல்ட்டில் புது ஓட்டை போட்டதைப் பார்த்தவள் நான். வேறு எவளுக்காகவோ உடம்பை இறக்குகிறார் என்று அவர் போனைக்கூட நோண்டினேன். இதை யாரிடம் சொல்ல?

“அந்த லெட்டர மாத்த முடியாது ஆன்டி. அரசாங்க பெரிய ஆஸ்பத்திரிக்கு இன்னொண்ணு எழுதுறேன். அவசரம்னு போட்டு.” இந்த முறை கட்டிலில் படுக்கவைத்து, திரை இழுத்து, நிறையக் கேள்வி. எழுதி, அடித்து, மறுபடி எழுதினார். போன வாரம் சீக்கிரம் எழுதினார் என்று சந்தேகப்பட்டேன். இன்று மெதுவாக எழுதுவதைப் பார்க்கப் பயமாக இருந்தது.

ஜி.எல். வேண்டாம் என்று குமரேசனிடம் சொன்னேன். காரணத்தையும் சொன்னேன். அவன் கேட்டதெல்லாம், “மாமா சாப்பிட்டாராக்கா?” வெட்கமாகிவிட்டது.

ஜூலை 15, செவ்வாய்

கிள்ளான் பெரிய ஆஸ்பத்திரி. விடியுமுன்னே வந்தும் உட்கார இடமில்லை. நம்பர் எடுத்தாயிற்று. பக்கத்து மலாய்க்கார அக்கா நகர்ந்து அவருக்கு இடம் கொடுத்தாள். நான் சுவரில் சாய்ந்து நின்று எழுதுகிறேன்.

இன்னும் கோபம் தீரவில்லை. பயம் அதைவிட அதிகம். அவர் நிமிர்ந்து, “வீட்டுக்குப் போயி கொஞ்சம் படு. நான் பாத்துக்கிறேன்” என்கிறார்.

“வேற எங்கயாச்சும் வலிக்குதா?” என்று கேட்டேன்.

இல்லை என்றார். நான் நம்பவில்லை.