தக்கையைக் கழற்ற மறந்தேன், அண்ணி

ஒரு நாளும் என்னைக் கடிந்து பேசாத என் அண்ணிக்கு,

சொல்லாமல் இருக்க முடியவில்லை. உங்கள் பாய்மரப் படகை நான் பாழாக்கிவிட்டேன்.

ஆஸ்பத்திரியில் நீங்கள் என்னிடம் கேட்ட ஒரே வேலை அதுதான். "மழைக்கு முன்னாடி அத்திபெலே போய், படகோட அடியில இருக்கற தக்கையைக் கழட்டி வச்சிடு. தார்ப்பாய் கிழிஞ்சாலும் தண்ணி ஓடிடும். உங்கண்ணன்கிட்ட சொல்லாத, அவருக்கு இப்ப எதுவும் ஓடாது" என்றீர்கள். சரி என்றேன். பிறகு நீங்கள் போய்விட்டீர்கள். அண்ணன் சாப்பிட்டாரா என்று பார்ப்பதிலேயே இரண்டு மாதம் போயிற்று.

தொம்மலூர் ஆபீஸில் ஒரு மத்தியானம் ஜன்னலில் மழை அறைந்தபோதுதான் நினைவு வந்தது. ஆனாலும் போகவில்லை. ஒவ்வொரு மழைக்கும் எழுந்து ஜன்னலுக்குப் போவேன். திரும்பி வந்து உட்காருவேன். எதற்குப் பயந்தேன்?

போன சனிக்கிழமை போனேன். லாரிக்குப் பாடி கட்டும் பட்டறையின் பின்னால், நீங்கள் நிறுத்திய அதே ஓரம். படகை ஏற்றி வைத்த டிரெய்லரின் டயர் இரண்டும் அமுங்கியிருந்தன. தார்ப்பாய் கிழிந்து, படகு தண்ணீர்த் தொட்டியாகியிருந்தது. பாரம் தாங்காமல் அடிப்பக்கம் விரிசல்.

"அந்த மேடத்துக்கு எத்தனை வாட்டி ஃபோன் பண்ணேன், ஸ்விட்ச் ஆஃப்னே வருது" என்றார் பட்டறைக்கார நஞ்சப்பா. நீங்கள் இல்லை என்று சொன்னேன். வெல்டிங்கை நிறுத்தச் சொன்னார்.

வீட்டுக்கு வந்து அண்ணனிடம் சொன்னேன். கத்தினார், அண்ணி! நீங்கள் போனதிலிருந்து குரலே உயராத மனிதர். "கடைசியா ஒன்னு கேட்டா. அதையும் என்கிட்ட கேக்காம உன்கிட்ட கேட்டிருக்கா!" கோபம் என் மேலா, உங்கள் மேலா? உங்களுக்காவது புரிகிறதா?

மறுநாள் காலை, "வா, போலாம்" என்றார். தக்கையை அவரே திருகி எடுத்தார். கறுத்த தண்ணீர் வடிந்து முடியும்வரை அங்கேயே நனைந்துகொண்டு நின்றார்.

நஞ்சப்பா விரிசலைத் தட்டிப் பார்த்தார். "ஃபைபர்தானே சார், ஒட்டிடலாம். உள்ள கட்டைதான் ஊறிப்போச்சு. நல்லா காயணும். அர்ஜென்ட் பண்ணாதீங்க, ஸ்வல்ப டைம் குடுங்க."

படகின் பாய் முழுக்கப் பூஞ்சை. வீட்டுக்கு எடுத்து வந்து சோப்புத் தண்ணீரில் அலசி மொட்டைமாடியில் விரித்தோம். காற்று அதைப் பிடுங்கிக்கொண்டு போகப் பார்த்தது. அண்ணன் அதன் மேல் விழுந்து பிடித்தார். எழுந்திருக்கவில்லை; முகத்தை அதிலேயே புதைத்துக்கொண்டு அழுதார். நான் மறுமுனையை விடவில்லை.

"படகை விக்க வேணாம்" என்றார் பிறகு. "என்னால ஓட்ட முடியாது. நீ கத்துக்கோ."

தண்ணீரென்றால் எனக்கு எப்படி நடுங்கும் என்று உங்களுக்குத் தெரியுமே. நேற்று நீச்சல் வகுப்பில் சேர்ந்தேன். மூக்கில் தண்ணீர் ஏறி நான் இருமிய இருமலில் பக்கத்துப் பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தன. இன்றும் போகப் பிடிக்கவில்லை. போவேன்.

கட்டை காய்ந்ததும் படகை நீங்கள் ஓட்டிய அணையில் இறக்குவேன், அண்ணி. அண்ணன் கரையில் நிற்கட்டும். கவிழ்ந்தால் நீந்திப் போய் மறுபடி ஏறிக்கொள்வேன். இந்த வேலையைத் தள்ளிப்போட மாட்டேன்.

உங்கள் நாத்தனார்,
சுமதி