மண்டலம் முடிய இன்னும் ஒன்பது பொட்டலம்

அன்பு மகள் தமிழ்ச்செல்விக்கு அப்பா வேதகிரி காஞ்சிபுரம் ஆஸ்பத்திரியிலிருந்து எழுதுவது. இங்கே நாங்கள் நலம் என்று ஆரம்பித்துத்தான் எனக்குப் பழக்கம், இந்தத் தடவை அந்த வரிக்குக் கை வரவில்லை, நீயாவது நன்றாக இருக்க வேண்டும். இதை எழுதி முடித்ததும் போட்டோ பிடித்து உன் போனுக்கு அனுப்புவேன். போனிலேயே பேசலாமே என்பாய். நேற்றும் முந்தாநாளும் நீ கேட்ட ஒரே கேள்விக்கு இரண்டு தடவையும் பொய் சொல்லிவிட்டேன், உன் குரலைக் கேட்டால் மூன்றாவது தடவையும் அதே பொய்தான் வாயில் வரும். அதனால் முழுக்கப் படித்துவிட்டுப் பேசு.

அம்மாவுக்குப் போன மழைக்காலம் முழுக்க சளி, காய்ச்சல், இருமல், ஒன்று போனால் ஒன்று என்று இருந்தது உனக்குத் தெரியும். பொங்கல் முடிந்து உத்திரமேரூர் டாக்டரிடம் கூட்டிப்போனேன். ரத்தம் பார்த்துவிட்டு வைட்டமின் டி அடிமட்டத்தில் இருக்கிறது என்றார். நம் மானாம்பதி வெயிலிலா என்று சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை, காலையிலிருந்து பொழுது சாயும் வரை ஷீட்டு போட்ட அறைக்குள் உட்கார்ந்து ஜாக்கெட் தைக்கிற பெண் உடம்பில் வெயில் எங்கே படும் என்று கேட்டார். அந்தச் சத்து குறைந்தால் நோயை எதிர்க்கிற சக்தி மந்தமாகும், ஆனால் அது ஒன்றை மட்டும் ஊற்றினால் உடம்பு எழுந்துவிடாது, முட்டை, மீன், பருப்பு, கீரை எல்லாம் சாப்பிட வேண்டும், நன்றாகத் தூங்க வேண்டும், தினமும் கொஞ்ச நேரம் வெயிலில் உட்கார வேண்டும் என்றார். பொட்டலத்தில் வருகிற ஒரு தூளை எழுதிக் கொடுத்து, வாரத்துக்கு ஒன்று, எட்டு வாரம், பாலில் கலந்து குடிக்கட்டும் என்றார். அப்போது பார்த்து நெல் அறுக்கிற மிஷின்காரன் போன் பண்ணினான். நான் பாதி காதில் டாக்டரையும் பாதி காதில் அவனையும் கேட்டுக்கொண்டிருந்தேன்.

வீட்டுக்கு வந்து யோசித்தேன். உலகத்தில் எந்த மருந்தை வாரத்துக்கு ஒரு நாள் சாப்பிடுவார்கள்? நம் வீட்டில் மருந்து என்றால் ஒரு மண்டலம், நாற்பத்தெட்டு நாள், ஒரு நாள் விடாமல், பத்தியத்தோடு. என் மஞ்சள் காமாலை அப்படித்தான் போனது. உங்கள் குளிர் தேசத்தில் எல்லாரும் தினமும் வைட்டமின் டி போட்டுக்கொள்கிறார்கள் என்று நீயும் சொல்லியிருந்தாயா, சரி, டாக்டர் கஞ்சத்தனமாக எழுதியிருக்கிறார் என்று முடிவு கட்டிவிட்டேன். நீங்கள் போடுவது துளியூண்டு மாத்திரை, இந்த ஒரு பொட்டலத்தில் அதுபோல எத்தனையோ நாள் மாத்திரை அடங்கியிருக்கிறது என்று எனக்கு எங்கே தெரியும்? நீ சொன்னதால்தான் இப்படி ஆயிற்று என்று நினைத்து அங்கே அழுதுகொண்டு கிடக்காதே. நீ சொன்னது சரி. கேட்டவன்தான் முட்டாள்.

மருந்துக் கடையில் சீட்டுகூடக் கேட்காமல் நாற்பத்தெட்டையும் மொத்தமாக எடுத்துக் கொடுத்தான். தினமும் விடிந்ததும் நானே பால் காய்ச்சி, நானே கலக்கி, அவள் குடித்து முடிக்கிறவரை பக்கத்தில் நிற்பேன். பத்தியம் என்று முட்டை, மீன், புளி எல்லாவற்றையும் நிறுத்தினேன், வெறும் கஞ்சியும் பாலும்தான். டாக்டர் எதைத் தின்னச் சொன்னாரோ அதையெல்லாம் பிடுங்கிவிட்டு, எதை அளவாகக் கொடுக்கச் சொன்னாரோ அதை வாரிக் கொடுத்திருக்கிறேன் பார். முதல் வாரத்திலேயே அம்மா கேட்டாள், இன்னாய்யா இது, டாக்டரு வாரத்துக்கு ஒண்ணுன்னாரே, நீ தெனம் கலக்கிக்கினு வர்றியே என்று. கம்முனு குடி, எல்லாம் எனக்குத் தெரியும் என்று அதட்டினேன். அப்புறம் அவள் கேட்கவே இல்லை.

ஒரு மாதம் ஆனதும் பசியில்லை என்றாள். தண்ணீர் தண்ணீர் என்று குடித்தாள், வாந்தி எடுத்தாள், வெளிக்குப் போகவில்லை. மருந்து வேலை செய்கிறது, கெட்டதெல்லாம் வெளியே வருகிறது என்றேன். மூன்று நாளுக்கு முன்னால் ஒரே ஜாக்கெட்டில் இரண்டு இடது கையை வைத்துத் தைத்துவிட்டு, தமிழு ஸ்கூல்லேர்ந்து வந்துட்டாளா என்று கேட்டாள். அன்றைக்கே இங்கே கொண்டுவந்து சேர்த்தேன். ரத்தத்தில் பத்துக்கிட்ட இருக்க வேண்டிய கால்சியம் பதினாலுக்கு மேல், கிட்னியும் திணறுகிறது என்று டாக்டரம்மா சொன்னார். வேறு மருந்து எதுவும் சாப்பிடுகிறார்களா என்று கேட்டதற்கு, வைட்டமின் பொட்டலம் வாரத்துக்கு ஒன்று என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று கேட்காதே. படித்த பெண், என் மகள் வயசு, அவர் எதிரில் மட்டித்தனமாக நிற்கப் பயந்துவிட்டேன். நீ கேட்டபோதும் அதேதான்.

இதைவிடப் பெரிய பாவம் ஒன்று இருக்கிறது. மண்டலம் நடுவில் உடைந்தால் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும் அல்லவா, அதனால் ஆஸ்பத்திரியிலும் யாருக்கும் தெரியாமல் முந்தாநாள் ஒன்று, நேற்று ஒன்று கலக்கிக் கொடுத்தேன். சலைன் ஓடிக்கொண்டே இருக்கிறது, கால்சியம் இறங்கவில்லையே என்று டாக்டரம்மா தலையைப் பிய்த்துக்கொள்கிறார். எலும்புக்குள் ஏதாவது கெட்ட வியாதி இருக்குமோ, நாளைக் காலை இடுப்பு எலும்பில் ஊசி குத்தி எடுத்துப் பார்க்க வேண்டும் என்று என்னிடம் கையெழுத்தும் வாங்கிவிட்டார். இன்று காலை நாற்பதாவது பொட்டலத்தைப் பையிலிருந்து எடுக்கிறேன், பக்கத்துப் படுக்கை சிட்டம்மாளை வீட்டுக்கு அனுப்புகிறார்கள். நர்ஸ் மாதவி அதே பொட்டலத்தை அந்த அம்மா கையில் கொடுத்து, வாரத்துக்கு ஒண்ணுதாம்மா, மறந்துகூட தெனம் சாப்ட்டுடாத, இது ஒண்ணுக்குல போற சத்து இல்ல, கொழுப்புல தங்கிக்கும், கால்சியம் ஏறி கிட்னி பூடும் என்றாள். எடுத்த பொட்டலத்தைத் திரும்பப் பைக்குள்ளேயே போட்டுவிட்டேன். பையில் இன்னும் ஒன்பது இருக்கிறது. முப்பத்தொன்பதை என் கையால் அவளுக்குக் கொடுத்திருக்கிறேன் தமிழு.

டாக்டரம்மா நாலு மணிக்கு வருவார். அவரிடம் சொல்வதற்கு முன்னால் உனக்கு எழுதுவது எதற்கு என்றால், உனக்கு எழுதிவிட்டால் நான் பின்வாங்க முடியாது. எனக்கு என்னைத் தெரியும். இப்போதே இதுவரை எழுதியதை அனுப்பிவிடுகிறேன்.

மணி ஐந்தரை. நீ நாலைந்து தடவை கூப்பிட்டிருக்கிறாய், இதையும் எழுதி முடித்துவிட்டுப் பேசுகிறேன். சொல்லிவிட்டேன். ஒன்பது பொட்டலத்தையும் மேஜையில் வைத்தேன். நேத்து காலையிலகூடவா குடுத்தீங்க என்று ஒரே ஒரு கேள்வி கேட்டார். ஆமாம் என்றேன். நான்கு வார்த்தை திட்டியிருந்தால் தேவலை, திட்டவில்லை. நாளை ஊசி வேண்டாம் என்று எழுதினார், கால்சியத்தை இறக்க வேறு மருந்து ஏற்றச் சொன்னார், பாலை நிறுத்தச் சொன்னார். இது உடம்பை விட்டுப் போக வாரக்கணக்கில் ஆகுமாம். கிட்னி திரும்புமா என்று மூன்று நாள் போனால்தான் சொல்ல முடியும் என்றார். அந்த மூன்று நாளை நான் எப்படிக் கழிப்பேனோ.

பிறகு அம்மா பக்கத்தில் உட்கார்ந்து, மருந்து தப்பாகிவிட்டது தேவகி, எல்லாம் என்னால்தான் என்றேன். அவளுக்குப் புரிந்ததா இல்லையா தெரியவில்லை. அப்போ பத்தியம் முடிஞ்சுதாய்யா, மீன் கொழம்பு வெக்கலாமா என்று கேட்டாள். இத்தனை நாள் வாய் திறக்காமல் அந்தக் கஞ்சியைக் குடித்திருக்கிறாள். நான் வராண்டாவுக்குப் போய் அழுதுவிட்டு வந்தேன்.

நீ உடனே டிக்கெட் போட்டு ஓடிவராதே, மூன்று நாள் பொறு, உள்ளது உள்ளபடி சொல்கிறேன். குளிரில் காதை மூடிக்கொண்டு போ, வேளைக்குச் சாப்பிடு, அந்த மாத்திரையை உங்கள் டாக்டர் சொன்ன அளவுக்கு மேல் தொடாதே. எல்லா நலமும் பெற்று நூறு வருஷம் நன்றாக இரு. மற்ற எதிலும் அப்பா சொல்வதைக் கேள், மருந்து விஷயத்தில் மட்டும் கேட்காதே. நான் அதட்டினாலும் கேட்காதே, அம்மா மாதிரி சும்மா இருந்துவிடாதே.

இப்படிக்கு,
உன் அப்பா
மா. வேதகிரி