பிரிவுபசார விழாவில் நான் பேசியது

4-2-1988, வியாழன்

பள்ளித் தலைமை மதர் கூப்பிட்டு அனுப்பினார். பத்தாம் வகுப்புப் பிள்ளைகளின் பிரிவுபசார விழாவில் இந்த வருஷம் அறிவுரை சொல்ல வேண்டியது நானாம். "அமலோற்பவம் டீச்சர் பேசுனா பிள்ளைங்க மறக்காது" என்றார். பதினான்கு வருஷமாகக் கணக்கு நடத்துகிறேன், இதுவரை யாரும் என்னை மேடையேற்றியதில்லை. சந்தோஷமாக இருக்கிறது, ஏன் மறைக்க?

அக்காவுக்கு இன்றும் இளைப்பு. பஞ்சுத் தூசி குடித்த நெஞ்சு என்கிறார் டாக்டர்.

9-2-1988

எழுதியது பிடிக்கவில்லை. கிழித்தேன். கடவுள் பக்தி, பெற்றோருக்குக் கீழ்ப்படிதல் — வருஷா வருஷம் இதுதானே. தூங்கிவிடுவார்கள். ஏதாவது சுள்ளென்று இருக்க வேண்டும்.

12-2-1988, வெள்ளி

நன்றாகப் பேசினேன் என்று எல்லோரும் சொல்கிறார்கள்.

காலையில் பூசை, பிறகு கூட்டம். தாய்மார்கள் பின் வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். தாளில் இல்லாத ஒன்று வாயில் வந்தது: "பத்தாவதைக் கோட்டை விட்டீங்கன்னா ஒரே வழிதான். பனியன் கம்பெனிக்குப் போய்ப் பிசிறு நூல் வெட்டிக்கிட்டு, தலை நிறையப் பஞ்சோட வீட்டுக்கு வரலாம்." கையைக் கத்தரி மாதிரி வைத்து வெட்டியும் காட்டினேன். கொல்லென்று சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு ருசித்தது. இன்னொரு தடவை வெட்டிக் காட்டினேன்.

அப்போதுதான் நாலைந்து பிள்ளைகள் பின்னால் திரும்பிப் பார்த்ததைக் கவனித்தேன். கருத்தம்மா. என் வகுப்பு வெள்ளையம்மாளின் அம்மா. சாத்தூர்ப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்தவள். கம்பெனியில் பிசிறுதான் வெட்டுகிறாள். அரை நாள் லீவு போட்டு நேராக வந்திருப்பாள் போல, கொண்டையில் வெள்ளையாகப் பஞ்சு.

அவளும் சிரித்தாள். வாயைப் பொத்திக்கொண்டு, எல்லோரோடும் சேர்ந்து. வெள்ளையம்மாள் அம்மா சிரிப்பதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

வீட்டில் அக்கா கேட்டாள்: "என்ன பேசுனே கண்ணு? எனக்கொருக்கா சொல்லிக் காட்டு." முழுவதும் சொன்னேன். அதை மட்டும் விட்டுவிட்டு.

13-2-1988

பக்கத்து வீட்டு மாரக்காள் காலையிலேயே வந்துவிட்டாள். அவள் மகளும் நம் பள்ளிக்கூடம்தான். "ஏனுங்க டீச்சர், நேத்து கத்தரி புடிச்சுக் காட்டுனீங்களாமா! எம்புள்ள ஊட்டுக்கு வந்தும் சிரிக்குதுங்க" என்று அக்கா முன்னாலேயே சொல்லி, செய்தும் காட்டினாள்.

மாரக்காள் போன பிறகு அக்கா என் கையைப் பிடித்துக் கட்டைவிரலைச் சற்று நகர்த்தி வைத்தாள்.

"அப்படிப் புடிக்கக் கூடாது கண்ணு. பத்து உருப்படி வெட்டறதுக்குள்ள வெரலு புண்ணாயிரும்."

கோபமில்லை. கோபப்பட்டிருக்கலாம்.

எழுதிவிடுகிறேன். இங்கேயாவது எழுத வேண்டும். ஞானம்மா அக்கா பதினாறு வருஷம் பிசிறு வெட்டினாள். அந்தக் கூலியில்தான் நான் டீச்சர் டிரெயினிங் படித்தேன். பள்ளிக்கூடத்தில் யாருக்கும் தெரியாது. அக்கா ஊரில் தோட்டம் பார்த்துக்கொண்டிருந்தவள் என்று சொல்லி வைத்திருக்கிறேன். அக்காவுக்கு அதுவும் தெரியுமோ? தெரியும். தெரியாமல் இருக்குமா?

17-2-1988, சாம்பல் புதன்

பாவசங்கீர்த்தனத்தில் மேடைப் பேச்சைச் சொன்னேன். சாமியார், "நல்லதுக்குத்தானேம்மா சொன்னீங்க, இதுல பாவம் என்ன இருக்கு?" என்றார். மூன்று முறை 'அருள் நிறைந்த மரியே' செபம் சொல்லச் சொன்னார். சொன்னேன். சாமியாரிடம் தோட்டக் கதையைச் சொல்லவில்லை. அப்புறம் என்ன பாவசங்கீர்த்தனம்?

29-2-1988

வெள்ளையம்மாள் பத்து நாளாக வரவில்லை. காய்ச்சல் என்கிறார்கள்.

14-3-1988

ஹால் டிக்கெட் கொடுத்தோம். எல்லோரும் வாங்கிவிட்டார்கள், ஒருத்தி தவிர.

15-3-1988

ஹால் டிக்கெட்டை எடுத்துக்கொண்டு அவர்கள் வீட்டுக்குப் போனேன். வரிசையாக ஏழு வீடுகள், கடைசி வீடு. கருத்தம்மா பதறிப்போய் முந்தானையால் ஸ்டூலைத் துடைத்தாள். வெள்ளையம்மாள் எனக்கு முதுகு காட்டி அடுப்பைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். காய்ச்சல் எல்லாம் இல்லை. மூன்று வாரமாக அம்மாவோடு கம்பெனிக்குப் போகிறாளாம். நூற்றுக்குத் தொண்ணூறு வாங்குகிற பிள்ளை.

"என்ன சொல்லியும் கேக்க மாட்டேங்கா டீச்சர். 'ஒன்னையப் பாத்துச் சிரிச்ச எடத்துல போயி நான் பரீட்ச எழுத மாட்டேன்'ங்கா. நான் சொன்னேன், 'ஏட்டி, டீச்சர் நெசத்தத்தானட்டி சொன்னாக'ன்னு. அதுக்கு, 'நீ எதுக்குச் சிரிச்ச'ங்கா."

கருத்தம்மா குரலைத் தாழ்த்தினாள். "எல்லாரும் சிரிக்காகளேன்னு சிரிச்சேன் டீச்சர். நான் மட்டும் சும்மா இருந்தா நல்லாருக்குமா?"

மன்னிப்புக் கேட்கத்தான் போனேன். "உடம்பைப் பாத்துக்கச் சொல்லுங்க" என்று சொல்லிவிட்டு வந்தேன். உடம்பையாம்! அக்கா செய்ததும் அதே வேலைதான் என்று சொல்ல எத்தனை நேரம் ஆகும்? ஒரு நிமிஷம். என்னால் முடியலையே. என்ன ஜென்மம் நான்.

24-3-1988, வியாழன்

தமிழ் முதல் தாள். மூன்றாவது வரிசையில் ஒரு மேசை காலி.

1-4-1988, பெரிய வெள்ளி

அக்கா சிலுவைப்பாதைக்கு வருவேன் என்று பிடிவாதம். பதினாலு ஸ்தலத்தில் நாலாவதிலேயே மூச்சு வாங்கியது. பெஞ்சில் உட்கார வைத்தேன். மதர் அருகே வந்து, "தோட்ட வேலை செஞ்ச உடம்பா இப்படி?" என்று விசாரித்தார். அக்கா என்னைப் பார்த்தாள். பிறகு, "ஆமாங்க மதர், வயசாயிருச்சுங்க" என்றாள்.

கோவிலில் வைத்து, எனக்காக, அவள் பொய் சொன்னாள்.

13-6-1988, திங்கள்

புதுப் பத்தாம் வகுப்பு. வருகைப் பதிவேட்டை மூடியதும், யோசிக்காமல் சொல்லிவிட்டேன். யோசித்தால் இந்த வருஷமும் போய்விடும். "என் அக்கா பதினாறு வருஷம் பனியன் கம்பெனியில பிசிறு வெட்டினாங்க. அதுலதான் நான் படிச்சேன். பிப்ரவரியில மேடையில நான் பேசினது தப்பு."

யாரும் சிரிக்கவில்லை. கடைசி பெஞ்சில் செல்லாத்தாள் எழுந்தாள். "எந்தக் கம்பெனிங்க டீச்சர்?" சொன்னேன். "எங்க அம்மாயியும் அங்கதானுங்க" என்று பாட்டியைச் சொன்னாள். அவ்வளவுதான். பயிற்சி ஒன்றைத் திறந்தோம்.

மத்தியானத்துக்குள் மதர் காதுக்குப் போய்விட்டது. கூப்பிட்டு, "ஏன் டீச்சர் எங்கிட்ட மறைச்சீங்க?" என்றார். வெட்கமாக இருந்தது என்றேன். "எதுக்கு?" என்றார்.

சாயங்காலம் அக்காவிடம் சொன்னேன். "அதையெல்லாம் எதுக்குப் புள்ளைங்ககிட்டச் சொல்லிக்கிட்டு" என்றாள். ராத்திரிச் சாப்பாட்டுக்கு வழக்கத்தைவிட ஒரு தோசை கூட வைத்தாள்.

20-7-1988

அக்டோபர் பரீட்சைக்கு விண்ணப்பம் வாங்கி, மதரிடம் கையெழுத்தும் வாங்கினேன். தனித்தேர்வர்களுக்கு நம் பள்ளியில் சென்டர் இல்லை, அரசுப் பள்ளியில்தான். அவள் அம்மாவைப் பார்த்துச் சிரித்த இடம் இல்லை, அதனால் கேட்கலாம் என்று தோன்றியது.

கம்பெனி விடும் நேரத்தில் கேட்டருகே நின்றேன். கருத்தம்மா தனியாக வந்தாள். "மன்னிச்சுக்கங்க" என்றேன். முதலில் அவளுக்குப் புரியவில்லை. புரிந்ததும் கண் கலங்கிவிட்டது, என்னைப் பார்க்காமல் விண்ணப்பத்தை வாங்கிக்கொண்டாள். "எழுதுவாளான்னு தெரியல டீச்சர். நீங்க குடுத்ததா சொல்லாம வைக்கேன்."

"சொல்லியே கொடுங்க" என்றேன்.

15-9-1988

கருத்தம்மாவிடமிருந்து இதுவரை ஒரு தகவலும் இல்லை.

6-10-1988, வியாழன்

அரசுப் பள்ளியில் மேற்பார்வை. வரலாறு. கதவருகே முதல் மேசையில் வெள்ளையம்மாள். நம்பர் சரிபார்க்கும்போது ஹால் டிக்கெட்டை என் பக்கம் தள்ளினாள், நிமிரவில்லை. நம்பரை இரண்டு தடவை சரிபார்த்தேன்.

ஒரு மணி நேரம் கழித்துக் கையைத் தூக்கினாள். கூடுதல் தாள். கொடுத்தேன். மறுபடியும் தூக்கினாள். மறுபடியும்.

மணி அடித்தபோதும் எழுதிக்கொண்டிருந்தாள். நான் கடைசி மேசையிலிருந்து வாங்க ஆரம்பித்தேன். அவளுடையதை எல்லோருக்கும் பிறகு வாங்கினேன். சரியா தப்பா, தெரியாது.

வெளியே வேப்பமரத்தடியில் கருத்தம்மா காத்திருந்தாள். என்னைப் பார்த்ததும் ஓடி வந்தாள். "நல்லா எழுதுனாளா டீச்சர்?"

"மூணு தாள் கூடுதலா வாங்கினா" என்றேன்.

அம்மாவுக்குப் பின்னால் வெள்ளையம்மாள் பேனாவை மூடிக்கொண்டே சொன்னாள்: "நாலு, டீச்சர்."